மேனிஃபோல்டை அறுத்தது குறித்து மருமகன் கொடுத்த வாக்குமூலம்

பெயரும் விலாசமும் கேட்டு எழுதிக்கொண்ட பிறகு நான் சொல்வதாவது: எனக்கு வயது நாற்பத்தொன்று. லேத் பட்டறையில் கடைசல் வேலை பார்க்கிறேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறத் தெருவில், மரச்சாமான் கடைக்கு மேல்மாடியில் மனைவியுடன் குடியிருக்கிறேன். என் மேல் புகார் கொடுத்திருப்பவர் என் மனைவியின் அப்பா. எங்களுக்குள் இதற்கு முன் சொத்துத் தகராறோ வாய்த் தகராறோ இருந்ததில்லை.

மாமனார் செடி நர்சரி வைத்து நடத்துகிறார். தொட்டிச் செடிகளை வாடிக்கையாளர் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் தன்னுடைய பழைய பிக்கப் வண்டியில் அவரே ஏற்றிக்கொண்டு போய் இறக்குவார். பின்னால் வைத்தால் காற்றில் ஒடிந்துவிடக்கூடிய இளஞ்செடிகளை மடியில் வைத்துக்கொண்டு என் மாமியார் முன்சீட்டில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போவார். அந்த வண்டி ஒரு வருடத்துக்கு மேலாக உறுமிக்கொண்டே ஓடியது. அது தெருமுனையில் திரும்பும்போதே மாமனார் வருகிறார் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். அதே சமயத்தில்தான் மாமியாருக்குத் தலைவலியும் குமட்டலும் ஆரம்பித்தன. மூக்குக் கண்ணாடி மாற்றினார்கள். வாயு என்று மருந்து சாப்பிட்டார். வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று மாமனார் சொன்னார். அதன் பிறகு ஒரு நாள் வாடிக்கையாளர் வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கிய மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டுக்காரர் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு, தன் ஒரே மகளின் பெயர் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

அதைக் கேள்விப்பட்ட அன்றே நான் போய் வண்டியின் பானட்டைத் திறந்து பார்த்தேன். எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து சைலன்சருக்கு அனுப்பும் வார்ப்பிரும்புப் பாகம்தான் மேனிஃபோல்டு. அது கேபினை ஒட்டிய முனையில் விரிசல் விட்டிருந்தது. விரிசலைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. அதற்கு நேர் பின்னால், ஒயர் போகும் ஓட்டையில் இருக்க வேண்டிய ரப்பர் இல்லை. புகை அந்த வழியாக முன்சீட்டுக்குள் போகிறது, அதனால்தான் அத்தைக்கு இப்படி ஆகிறது என்று மாமனாரிடம் சொன்னேன். அதே வண்டியைத் தானும்தானே ஓட்டுவதாகவும், தனக்கு வராத தலைவலி அவளுக்கு மட்டும் எங்கிருந்து வரும் என்றும் கேட்டார். அவர் எந்நேரமும் கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே போட்டுத்தான் ஓட்டுவார். மாமியார் பக்கத்துக் கண்ணாடி இறங்காது. அதையும் எடுத்துச் சொன்னேன். அவர் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

அதன் பிறகு என் மனைவி அவரிடம் அழுது பேசியதில், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் வண்டியைத் தருவதாக ஒப்புக்கொண்டார். பழைய வண்டி உடைக்கும் இடத்தில் விரிசல் இல்லாத மேனிஃபோல்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, பட்டறையில் அதன் முகத்தைச் சமமாக்கி எடுத்துக்கொண்டு போனேன். போல்ட்டுகள் துருவேறிப் பிடித்துக்கொண்டிருந்தன. எண்ணெய் விட்டு, சூடு காட்டி, தட்டித் தட்டி ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கேபின் பக்கத்துக் கடைசி போல்ட்டு மட்டும் தலை தனியாக ஸ்பானரோடு கையில் வந்துவிட்டது. அதன் தண்டு எஞ்சினுக்குள்ளேயே நின்றுவிட்டது. மாமனார் காலையிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார். "ஒரு போல்ட்டு கழட்டத் தெரியாமத்தான் இவ்வளவு ஏற்பாட்டோட வந்தீங்களா மாப்பிள்ளை?" என்றார். மேலே இருந்து ட்ரில் நுழைய இடமில்லாததால் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, முன்சக்கரத்தைக் கழற்றி, மட்கார்டு வழியாகக் கையை விட்டுத் துளை போட்டேன். பாதி போனதும் ட்ரில் பிட் உடைந்து அதுவும் உள்ளேயே மாட்டிக்கொண்டது. புகை கசியாமல் இடையில் வைப்பதற்கு உதிரிபாகக் கடைக்காரர் கொடுத்த கேஸ்கட்டை வைத்துப் பார்த்தால் அது வேறு மாடல் வண்டிக்கானது, ஒரு ஓட்டைகூடப் பொருந்தவில்லை. மாற்றப் போனபோது கடை பூட்டியிருந்தது. ஸ்பானரைக் கீழே வீசினேன். அது பூந்தொட்டி ஒன்றில் பட்டுத் தொட்டி உடைந்தது. புகாரில் சொல்லியிருக்கும் தொட்டி அதுதான். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வாரம் முழுக்க வண்டி ஜாக்கியிலேயே நின்றது. நான் வேலை முடிந்து வந்து வந்து பார்த்தும் அந்தப் போல்ட்டு அசையவில்லை. அது இல்லாமல் மாற்று மேனிஃபோல்டை மாட்டினால் கேபின் பக்கத்து முனையிலேயே மறுபடியும் புகை கசியும். வாரக் கடைசியில் புது அலுவலகம் ஒன்றுக்கு வண்டி நிறையச் செடி கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்த அலுவலகத்திலிருந்து போன் வந்துகொண்டே இருந்ததால் மாமனார் பழைய மேனிஃபோல்டையே திரும்ப மாட்டச் சொன்னார். மாட்ட மாட்டேன் என்றேன். தெருமுனை வெல்டரை வைத்து விரிசலைப் பற்றவைத்துத் தானே மாட்டிக்கொள்வதாகச் சொன்னார். பற்றவைத்தாலும் வார்ப்பிரும்பு சூட்டில் மறுபடியும் விட்டுவிடும், அத்தையை இனி அதில் ஏற்ற வேண்டாம் என்று கெஞ்சினேன். என் பொண்டாட்டியை எதில் ஏற்றுவது என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை என்றார். அதன் பிறகு நான் பழைய மேனிஃபோல்டைச் சாக்கில் சுற்றிப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவர் என் பின்னாலேயே வந்து, வாசலில் நின்று, மரியாதையாகக் கொடுத்துவிடும்படி கேட்டார். நான் அதை மேஜையில் இருக்கும் வைஸ் பிடியில் இறுக்கி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹாக்சா ரம்பத்தால் அறுத்தேன். அறுத்து முடிக்க நெடுநேரம் பிடித்தது. அவர் போகவும் இல்லை, என் கையைப் பிடிக்கவும் இல்லை. இரண்டு துண்டாக விழுந்ததும் திரும்பி நடந்து நேராக இந்த நிலையத்துக்கு வந்துவிட்டார்.

அதன் பிறகு காவலர் வந்து என்னை அழைத்து வந்தார். நானும் மாமனாரும் ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்திருந்தோம். வண்டி இல்லாததால் மாமியார் நடந்தே வந்தார். குடும்ப விஷயம்தானே, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று இன்ஸ்பெக்டர் அவரிடம் கேட்டார். மாமியார் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "வண்டி நின்னதுலேர்ந்து எனக்குத் தலை வலிக்கலீங்க. அதச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்" என்றார்.

மாமனார் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். "இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"வண்டியில போறப்பல்லாம் சொன்னேன். அந்தச் சத்தத்துல உங்களுக்குக் கேக்கல."

புகாரைத் திரும்பப் பெறுகிறீர்களா என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது மாமனார் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அந்த அலுவலகத்துக்குப் பேசினார். "வண்டி வேலை முடியலீங்க. செடி எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது. அவசரம்னா வேற இடத்துல பாத்துக்குங்க" என்றார். ஆர்டரை வேண்டாம் என்று அவர் சொல்லி நான் இதுவரை கேட்டதில்லை. அதன் பிறகு என் பக்கம் பார்க்காமலே, அந்தப் போல்ட்டு வருமா வராதா என்று கேட்டார். உடைந்த முனையில் ஒரு நட்டைப் பற்றவைத்துத் திருகிப் பார்க்கிறேன், அதிலும் வராவிட்டால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டையே கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். "கழட்டுங்க" என்றார். புகாரை மட்டும் அவர் இன்னும் திரும்பப் பெறவில்லை.

மேனிஃபோல்டை அறுத்தது நான்தான். திருடும் எண்ணத்தில் எடுக்கவில்லை. திரும்ப மாட்ட முடியாமல் போக வேண்டும் என்றே அறுத்தேன். இதில் எழுதியிருப்பதை ஏட்டு எனக்கு வாசித்துக் காட்டினார். 'கோபத்தில் அறுத்தேன்' என்று எழுதியிருந்த இடத்தில் 'கோபத்தில்' என்பதை அடிக்கச் சொன்னேன், அடித்தார். மற்றபடி எல்லாம் நான் சொன்னபடியே, நடந்தது நடந்தபடியே இருக்கிறது. யாரும் மிரட்டவோ சொல்லிக்கொடுக்கவோ இல்லை.

(ஒப்பம்)
செடி நர்சரிக்காரரின் மருமகன்