மாயவன் நீட்டிய நகம்

நிஜமான எலும்புப் புதைபடிவத்தை நாக்கில் வைத்தால் லேசாக ஒட்டும். விருத்தாசலத்தில் இந்தச் சோதனை செல்லாது, சார். மெருகு பூசாமல் சுட்ட பீங்கானும் அப்படித்தான் ஒட்டும். ஜங்ஷன் ரோட்டில் ஜாடியும் பொம்மையும் விற்கிற என் தலையிலேயே டைனோசர் நகம் என்று பீங்கானைக் கட்டியிருக்கிறார்கள். என் கண்ணாடி அலமாரியில் இருப்பதில் பாதி போலி. அதனால்தான், மண்ணிலிருந்து வெளியே வருவதை என் கண்ணால் பார்த்த நகம் ஒன்றாவது வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது தப்பான ஆசை இல்லை.

மாயவன் களிமண் லாரி ஓட்டுகிறவன். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். திட்டக்குடிக்கு அப்பால் ஓர் ஓடைக்கரையில் கறுப்பாக, வளைவாக ஏதோ துருத்திக்கொண்டிருப்பதாகச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை காலை என் பைக்கில் போனோம். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உள்ளங்கை நீளம். நுனி உடையவில்லை.

"எடுத்துட்டுப் போயி மியூசியத்துல குடுத்துடலாம்ண்ணா. நம்ம பேரு போடுவாங்க. எம் பொண்ணு ஸ்கூலுல சொல்லிக்கும்," என்றான்.

சரி என்றேன். அது வாக்குவாதம் செய்கிற நேரம் இல்லை.

அவன் கரைக்கு அடியில் பள்ளம் பறித்து உள்ளே இறங்கினான். முதல் நாள் மழையில் மண் ஊறியிருந்தது. மேலே விரிசல் விட்டிருந்ததைப் பார்த்தேன். சொன்னால் அவன் கை நடுங்கும், நகம் உடையும் என்று பேசாமல் இருந்தேன்.

நகம் அவன் கைக்கு வந்ததும் கரை சரிந்தது. மார்புவரை புதைந்துவிட்டான். நகம் பிடித்த கையை மட்டும் மேலே தூக்கி வைத்திருந்தான். நல்ல பையன்.

"கையப் புடிங்கண்ணா. மூச்சு முட்டுது."

"மொதல்ல அதக் குடு."

கொடுத்தான். துண்டில் சுற்றிப் பையில் வைத்தேன்.

அப்போதுதான் புதருக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ராஜாம்பாள், உங்கள் சாட்சி, குரல் கொடுத்தார்.

"யாருங்க அங்க? என்னமோ சரிஞ்ச சத்தம் கேட்டுது?"

மாயவன் வாயைத் திறந்தான். நெஞ்சை மண் அழுத்தியதால் காற்றுதான் வந்தது. என்னையே பார்த்தான்.

"ஒண்ணுமில்லீங்கம்மா. காலு கழுவ எறங்கனேன்," என்றேன்.

ஆடுகளின் சத்தம் தேய்ந்து போகும்வரை காத்திருந்தேன். நீங்களே யோசித்துப் பாருங்கள். ஆட்கள் வந்தால் பின்னாலேயே அதிகாரிகள் வருவார்கள். நகம் போய்விடும். நானே அவனை இழுத்துப் போட்டாலும் அவன் வாய் சும்மா இருக்காது.

"பாப்பா தேடும்ண்ணா," என்றான். அவ்வளவுதான் பேச முடிந்தது.

பிறகு அவன் மனைவி அன்பரசியோடு நானும் சேத்தியாத்தோப்புவரை தேடி அலைந்தேன். சாப்பிடாமல் கிடந்த குழந்தைக்கு இட்லி வாங்கிக் கொடுத்தது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மண் சரிந்து செத்தான் என்று டாக்டர் சொல்கிறார். பாதி சரி. முதலில் கரை தானாகச் சரிந்தது. மிச்சத்தை மேலே ஏறி நின்று மண்வெட்டியால் தள்ளிவிட்டது நான். அவசரப்படவில்லை, சார். அவன் கண்ணை மூடிக்கொள்ளட்டும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அவன்தான் மூடவில்லை.