சாப்பு குத்தாத கடிதம்

பவானி: பந்து ஒரு முழம் உள்ள போயிருக்குடா கிளைவ்... ஒரு முழம்! நேத்து பொறந்த புள்ளகூட கோலுன்னு சொல்லும்.

கிளைவ்: பாத்தேன்க்கா. மொதல்ல உக்காருங்க. ஜெனட் சர்ச்சுக்குப் போயிருக்கா, நானே ஒரு தேத்தண்ணி...

பவானி: தேத்தண்ணி குடிக்கவா கேட்டுக்கு வெளிய கார ஸ்டார்ட்டுல விட்டுட்டு வந்திருக்கேன்? மணி என்னா?

கிளைவ்: அஞ்சேகால்.

பவானி: ஆறு மணிக்கு அலோர் காஜாவுல லீக் ஆபீஸ பூட்டிடுவானுங்க. ஆட்டம் முடிஞ்ச அன்னிக்கே புகார் லெட்டர் போகணும், கிளப் சாப்போட, ரப்பர் முத்திரையோட போகணும். செக்ரட்டரி யாரு? நீ. சாப்பு யாருகிட்ட இருக்கு? உங்கிட்ட. எடுத்துட்டு வா. ஒரு குத்து குத்து, நான் அலோர் காஜாவுக்கு பறந்துடுறேன்.

கிளைவ்: லெட்டரே எழுதிட்டீங்களா?

பவானி: பின்ன? நீ எழுதுவ, நான் பாத்துட்டு சாவேன்னு உக்காந்திருக்கவா? பக்கத்து வீட்டு ஸ்டெஃபனிகிட்ட சொல்லி அழகா டைப் அடிச்சி வச்சிருக்கேன்.

கிளாரன்ஸ்: யாரு அது, பவானேஸ்வரியா? சத்தத்தக் கேட்டு மாரியம்மன் கோயில் மைக்க யாரோ நம்ம வீட்டுப் பக்கம் திருப்பி வச்சிட்டாங்கன்னு நெனச்சேன்.

பவானி: வாங்க அங்கிள், நல்ல நேரத்துல வந்தீங்க. நீங்களே அந்தக் காலத்துல கோல்கீப்பர், கோலி நின்னவருதானே? கேளுங்க. பந்து கோட்டத் தாண்டி உள்ள உழுந்து, வலைல பட்டு, திரும்பி வெளிய வருது. ரெஃப்ரி எங்க நிக்கிறான்? மைதானத்துல, பாடாங் நடுவுல! ஓடிவர முடியல அவனுக்கு. தொப்பய தூக்கிட்டு நடந்து வரான்.

கிளாரன்ஸ்: கொடி புடிக்கிறவன் என்னா பண்ணான்?

பவானி: அவன் எங்க கொடியப் புடிச்சான்! கக்கத்துல சொருகிட்டு மூஞ்சத் தொடச்சிட்டு நின்னான். கடைசில ரெஃப்ரி யாருகிட்ட போயி கேட்டான் தெரியுமா? அவங்க கோலிகிட்ட! 'பந்து உள்ள போச்சா தம்பி'ன்னு!

கிளாரன்ஸ்: அடப்பாவி... வேலிக்கு ஓணான் சாட்சியா?

பவானி: அந்த ஓணான் 'இல்ல'ன்னு தலையாட்டுது, இவன் விசில் ஊதுறான். ஒன்னுக்கு சைபர். எதிர் டீம் கோலா சுங்கை பாரு பசங்க ஆடுறானுங்க, பாடுறானுங்க. எங்க உறுமி சத்தமே அடங்கிப்போச்சி அங்கிள்.

கிளாரன்ஸ்: அந்த ஒரு கோல் இருந்திருந்தா...

பவானி: சமம். ஒரு பாயிண்டு. நம்ம ரேஞ்சர்ஸ் முதல் டிவிஷன்லயே நின்னிருக்கும். இப்ப எறங்கிட்டோம். இருபத்திரெண்டு வருசமா எறங்காத டீம, ஒரு தொப்பக்காரன் எறக்கி உட்டான்!

கிளைவ்: அவன மட்டும் சொல்லி என்னாக்கா பண்றது? வருசம் பூரா நாம ஆடுன லட்சணம்...

பவானி: ஓ! அதையும் நான் சொல்லலாம்னுதான் இருந்தேன், நீயே ஆரம்பிச்சிட்ட. ஒரே வருசத்துல மூனு கோச்சு! ஒருத்தன் ஓடு ஓடுன்னான், ஒருத்தன் நில்லு நில்லுன்னான், மூனாவது ஆளு பேரே எனக்குத் தெரியாது. ஜெர்சி தச்சீங்களே, பதினஞ்சுல பத்து எக்ஸெல் சைஸு. புவனேஷ் ஓடுறப்ப பாய சுத்திவிட்ட புள்ள மாதிரி இருக்கான்.

கிளைவ்: அது கடைக்காரன் பண்ண...

பவானி: மேனேஜர் முனுசாமி அண்ணே எங்க? சீசனோட கடைசி ஆட்டம், வாழ்வா சாவான்னு நிக்கிறோம், அவரு லங்காவி தீவுல கேபிள் கார்ல போறாரு! போட்டோ வேற போடுறாரு, கூலிங்கிளாஸோட! நான் நாசி லெமாக் சோத்துக் கடைய சாத்திட்டு, கொடிய கட்டிட்டு, வெயில்ல தொண்ட கிழிய கத்துறேன். நான் யாரு இந்த டீமுக்கு? ஒரு பதவி உண்டா எனக்கு?

கிளாரன்ஸ்: பவானி சொல்றது ஞாயந்தானே. என் காலத்துல மேனேஜருதான் மொத ஆளா பாடாங்ல நிப்பாரு.

கிளைவ்: டாடி, நீங்க வேற...

பவானி: என்னா நீங்க வேற? எனக்கு ஞாயித்துக்கிழமைன்னா இந்த ஆட்டம் ஒன்னுதான்டா. ஆறு நாளு தேங்காப்பாலும் சம்பலுமா போகுது. ஏழாவது நாளு நான் மனுசியா இருக்கேன். அத அவன் விசில ஊதி புடுங்குவான், நான் சும்மா வுடணுமா? சாப்ப எடு.

கிளைவ்: லெட்டர படிங்க, கேப்போம்.

பவானி: கேளு. 'மதிப்பிற்குரிய லீக் செயலாளருக்கு'... இதெல்லாம் மரியாதை, விடு. ஆ, இங்க. 'எழுபத்தெட்டாவது நிமிடத்தில் எங்கள் ஆட்டக்காரர் தேவன், ஒன்பதாம் எண், அடித்த பந்து கோட்டை முழுமையாகத் தாண்டியது. நடுவர் அதைக் கோலாக அறிவிக்கவில்லை. இதற்கு ஆதாரமாக எங்கள் ரசிகர் குழு எடுத்த வீடியோவை இணைத்துள்ளோம்.' எப்படி?

கிளாரன்ஸ்: லாயர் லெட்டர் மாதிரி இருக்கும்மா!

கிளைவ்: பேரெல்லாம் எதுக்குக்கா? எடுத்துடுங்க. சும்மா 'ஒன்பதாம் எண்'னு இருந்தா போதும்.

பவானி: ஏன்? தேவன்னா கெட்ட வார்த்தையா? டீம்ல ஒழுங்கா ஆடுறது அவன் ஒருத்தன். அடிச்சது அவன். அவன் பேரு லீக் ஃபைல்ல ஏறட்டும்.

கிளைவ்: இல்லக்கா, பேரு போட்டா... சும்மா கேள்வி கேப்பாங்க.

பவானி: கேக்கட்டும்! கேக்கத்தானே புகாரு குடுக்கிறோம்?

கிளைவ்: சரி... நான் மீட்டிங் போட்டு கமிட்டிகிட்ட ஒரு வார்த்த...

பவானி: மீட்டிங்கா! மணி அஞ்சரையாவப் போவுது! உன் கமிட்டி கூடறதுக்குள்ள அந்த ரெஃப்ரிக்கு ரிடையர்மெண்டு ஆயிடும்.

கிளைவ்: சாப்புல மை காஞ்சு கெடக்கு.

பவானி: என் கைல இருக்கு மை. கடைக்கு ரசீது போட வச்சிருக்கேன். அடுத்து?

கிளைவ்: சாப்பு... அலமாரிக்குள்ள இருக்கு. சாவி ஜெனட்கிட்ட.

கிளாரன்ஸ்: டே, அது டிவி மேல இல்ல கெடக்கு? காலைல நான்தானே தூசி தட்டுனேன்.

கிளைவ்: டாடி!

கிளாரன்ஸ்: என்னாடா?

பவானி: கிளைவ்... என் மூஞ்சப் பாரு. மடில கனம் இருந்தாத்தான் வழில பயம். உனக்கு என்னா பயம்?

கிளைவ்: பயமெல்லாம் ஒன்னும் இல்ல.

பவானி: அவனுங்ககிட்ட ஏதும் வாங்கிட்டியா?

கிளாரன்ஸ்: பவானி! அந்தப் பேச்சு வேணாம். என் வீட்டுல நின்னுக்கிட்டு என் புள்ளய அப்படிக் கேக்காத.

பவானி: மன்னிச்சிடுங்க அங்கிள். ஆனா வேற என்னான்னு நெனைக்கிறது? ஒரு சாப்பு குத்த இத்தன சாக்கா? ஞாயம் நம்ம பக்கம், வீடியோ நம்ம பக்கம், இவன் மட்டும் அவனுங்க பக்கம் நிக்கிறான்!

கிளைவ்: நான் அவனுங்க பக்கம் இல்லக்கா! தேவன்... தேவன் இன்னிக்கு ஆடல.

பவானி: என்னாது?

கிளைவ்: ஆடலக்கா.

பவானி: வெயில் ஏறிடுச்சாடா உனக்கு? என் ரெண்டு கண்ணால பாத்தேன். அவந்தானே அடிச்சான்!

கிளைவ்: பாடாங்ல ஆடுனான். லிஸ்ட்டுல இல்ல. லிஸ்ட்டுல ஒன்பதாம் நம்பர் சேகரன்.

கிளாரன்ஸ்: எந்த சேகரன்? அவன் அண்ணன் சேகரனா?

கிளைவ்: ஆமா டாடி. போன ஆட்டத்துல தேவனுக்கு ரெண்டாவது மஞ்ச அட்ட. ரெண்டு சேந்தா அடுத்த ஆட்டம் வெளிய உக்காரணும்.

பவானி: மூனுதானே?

கிளைவ்: இந்த வருசத்துலேந்து ரெண்டு. லீக்குலேந்து லெட்டர் வந்துச்சி. மீட்டிங் போட்டேன். யாரும் வரல. நானே உக்காந்து எனக்கே படிச்சிக் காட்டிக்கிட்டேன்.

பவானி: அதனால?

கிளைவ்: அதனால என்னாவா? காலைல எத்தன பேரு வந்தாங்கன்னு எண்ணிப் பாத்தீங்களா? தேவன வுட்டா ஒம்போது பேரு. மூனு பேரு பேக்டரில ஓட்டி, ஓவர்டைம் வேல, ஒருத்தனுக்கு காய்ச்ச. சேகரனுக்கு முட்டி போயி ஆறு மாசம் ஆவுது, பேரு மட்டும் ரெஜிஸ்டர்ல இருக்கு. ரெண்டு பேரும் ஒரே அச்சு. ஐசில, அடையாள அட்டைல இருக்கிற படத்தப் பாத்தா பெத்த தாயே கொழம்பிடும். ரெஃப்ரி பாத்தான், போன்னுட்டான். மேனேஜர் லங்காவில, கோச்சு போன எடுக்கல. நான் ஒருத்தன், கைல ஒரு பேனா. என்னா பண்ண சொல்றீங்க?

பவானி: ஒம்போது பேர வச்சி ஆடியிருக்கணும்.

கிளைவ்: ஆடி ஏழு கோல் வாங்கியிருந்தா, இப்ப இதே எடத்துல நின்னு என்ன என்னா கேட்டிருப்பீங்க?

பவானி: ஏழு வாங்கியிருந்தா அழுதிருப்பேன்டா! இப்ப என்னா பண்ணுவேன்? ஒவ்வொரு ஆட்டத்துலயும் திருடன் திருடன்னு தொண்ட கிழிய கத்துனேனே... ரெஃப்ரிய, எதிர் டீம, லீக்க! இன்னிக்கும் கத்துனேன். நம்ம வீட்டுக்குள்ளயே ஒருத்தன் பேனாவோட உக்காந்திருக்கான், அத வுட்டுட்டு!

கிளாரன்ஸ்: டே கிளைவ்... எங்கிட்டயாச்சும் ஒரு வார்த்த சொன்னியாடா?

கிளைவ்: சொன்னா வுட்டிருப்பீங்களா டாடி?

கிளாரன்ஸ்: மாட்டேன்.

கிளைவ்: அதான் சொல்லல.

பவானி: சரி, மாத்தி எழுதுறேன். தேவன் பேர எடுத்துடுறேன். ஒன்பதாம் எண். வீடியோவ மட்டும்...

கிளைவ்: அந்த வீடியோதான்க்கா வில்லங்கமே! ஆட்டம் முடிஞ்சி நீங்க காட்டுனீங்களே, எனக்கு சப்த நாடியும் அடங்கிப்போச்சி. கோல் வுழுறப்ப இந்தப் பக்கம் உறுமி அடிக்கிறது யாரு?

பவானி: சேகரன்...

கிளைவ்: வெளிய தல காட்டாதடா, வீட்டுலயே கெடன்னு படிச்சிப் படிச்சி சொன்னேன். ஒன்பதாம் நம்பர் சேகரன் கோல் அடிக்கிறான், அதே சேகரன் கோட்டுக்கு வெளிய உறுமியோட குதிக்கிறான்! எந்த நாயி அவனப் போயி கூப்டுச்சோ தெரியல.

பவானி: நான்தான் கூப்டேன்.

கிளைவ்: நீங்களா?

பவானி: உறுமிக்காரன் வரல. காலைல போன் போட்டு, தம்பி ஆடுறான், நீ என்னாடா வீட்டுல முட்டியத் தடவிட்டு உக்காந்திருக்கன்னு திட்டுனேன். மொதல்ல வரமாட்டேன்னான். ஒரு மாதிரி இழுத்தான். வெக்கமாயில்லையான்னு கேட்டேன். ஓடி வந்துட்டான்.

கிளாரன்ஸ்: யான தன் தலையில தானே மண்ண வாரிப் போட்ட கதையா இருக்கே...

பவானி: கண்டுபுடிச்சா என்னா பண்ணுவாங்க?

கிளைவ்: ஆள் மாறாட்டம். கிளப்ப ரெண்டு வருசம் மூடிடுவாங்க. தேவன் எந்த டீமுக்கும் ஆட முடியாது. அவனுக்கு இருபத்திமூனு வயசு. நான் போறது போவட்டும்.

பவானி: அவன் ஒத்துக்கிட்டானா இதுக்கு?

கிளைவ்: மாட்டேன்னான். கால்ல வுழாத கொறையா கெஞ்சுனேன். பவானியக்கா அழுவும்டான்னு சொன்னேன். அதுக்கப்பறம்தான் ஜெர்சிய போட்டான்.

பவானி: என் பேரச் சொன்னியா...

கிளைவ்: வேற யாரு பேரச் சொல்றது? இந்த டீமுக்கு அழுறது நீங்க ஒரு ஆளுதானே.

பவானி: பாவி... பாவி! உன்ன அறையணும்போல இருக்கு. அந்தத் தொப்பக்காரன அறையணும். அந்த லங்காவிய... அவன கடல்ல தள்ளணும்!

கிளைவ்: அறைங்க, வாங்கிக்கிறேன். ஆனா லெட்டர கிழிச்சிடுங்க. நாம போயி கெளறாத வரைக்கும் எவனுக்கும் தெரியாது. அடுத்த வருசம் செகண்ட் டிவிஷன்ல ஆடுவோம். தேவன் இருந்தா ஒரே வருசத்துல ஏறிடலாம். டீமே இல்லாம போறதுக்கு எறங்குறது எவ்வளவோ மேலுக்கா.

கிளாரன்ஸ்: கிழிச்சிடும்மா பவானி. தப்பு என் புள்ளயோடது, நான் மூடி மறைக்கல. அந்தப் பையன் தேவன நெனச்சிப் பாரு.

பவானி: அது கோலுதான்டா கிளைவ்.

கிளைவ்: கோலுதான்க்கா. நானும் பாத்தேன்.

பவானி: ஒரு முழம்.

கிளைவ்: ஒரு முழம். குடுங்க அந்த லெட்டர... என்னாக்கா? ஏன் இப்படி நிக்கிறீங்க? போனுல என்னா பாக்குறீங்க? லெட்டர குடுங்கக்கா!

பவானி: உன்னக் கேக்காம செஞ்சா செக்ரட்டரிய மதிக்கலன்னு மூஞ்சத் தூக்குவியேன்னுதான் வந்த ஒடனே சொல்லல கிளைவ்... லெட்டரையும் வீடியோவையும் மூனு மணிக்கே லீக் செயலாளருக்கு வாட்சப்புல அனுப்பிட்டேன், சாப்பு குத்துனது பின்னாலேயே வருதுன்னு. உங்க கேட்டுல கார நிப்பாட்டுறப்ப அவரு பதில் போட்டாரு, கோல் அடிச்சது தேவன்தானா, நல்லா தெரியுமான்னு... நான் சந்தோசத்துல, சத்தியமா அவந்தான் சார், அவன் அண்ணன் எம்பக்கத்துலதான் நின்னு உறுமி அடிச்சான், வேணும்னா அவனையே சாட்சிக்குக் கூட்டிட்டு வரேன்னு சொல்லிட்டேன்டா.