லாம்பர்ட்டன் கையெழுத்து

சமையலறைச் சுவரில் பழைய காகிதத்தை மாட்டி வைக்கக் கூடாது. நீராவியும் எண்ணெய்ப் புகையும் கொஞ்சம் கொஞ்சமாக மையைத் தின்றுவிடும். இதை மிஸ் ஸ்லோகமிடம் எத்தனையோ முறை, மரியாதையாகவே, சொல்லியிருக்கிறேன். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள், மெடேரோஸ். அப்போதுதான் மற்றது உங்களுக்கு விளங்கும்.

நியூபோர்ட்டில் பாதிப் பேருக்கு நான்தான் பல் வைத்தியம் பார்த்திருக்கிறேன். உங்கள் போலீஸ் ஆட்கள் என் வீட்டில் பார்த்த கண்ணாடிப் பெட்டிகள்தான் என் பொழுதுபோக்கு. அமெரிக்காவின் முதல் தலைமுறை ஓவியர்கள் கையெழுத்திட்ட காகிதங்கள். ரசீது, உயில், தையற்காரனுக்குத் தவணை கேட்டு எழுதிய கடிதம், எதுவானாலும் சரி. ஓவியத்தை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்துவிடலாம். கையெழுத்து அப்படியல்ல. அது எழுதியவனும் வைத்திருப்பவனும் மட்டும் பேசிக்கொள்வது.

என்னிடம் இல்லாத ஒரே பெயர் ஜோசையா லாம்பர்ட்டன். இந்த ஊர்க் கப்பல் தலைவர்களையும் அவர்கள் மனைவிமாரையும் வரைந்தவர். படங்களில் பெயர் போட மாட்டார். அவர் கையெழுத்து ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

மிஸ் கொர்டீலியா ஸ்லோகம் பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். ஒருநாள் கடைவாய்ப் பல்லுக்கு ஊசி போட்டுவிட்டு மரத்துப்போகக் காத்திருந்தோம். பேச்சுவாக்கில் தன் முன்னோர் பிரைமஸ் பற்றிச் சொன்னார். லாம்பர்ட்டனுக்கு வண்ணம் அரைத்துக் கொடுத்த அடிமை. அவனை விடுவித்து லாம்பர்ட்டன் எழுதிக் கொடுத்த பத்திரம் தன் சமையலறையில் தொங்குகிறது என்றார். பாதி வாய் மரத்திருந்தும் அந்தப் பெயரை மட்டும் தெளிவாகச் சொன்னார். பல்லை ஒழுங்காகத்தான் எடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மெல்லத் தேவையில்லாத பதார்த்தம் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி, நாள்காட்டிக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்தில் பத்திரம் இருந்தது. அடியில் கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் மேலே சுழித்து நின்றது.

விலை கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"டாக்டர், எங்க தாத்தனை ஒரு தடவை வித்தாச்சு. மறுபடியும் விக்கச் சொல்றீங்களா?"

எனக்குக் காகிதம் மட்டும் போதும் என்று விளக்கினேன். சிரித்துக்கொண்டே தட்டில் இன்னொரு சோள அடையை வைத்தார்.

அதன்பின் அடிக்கடி போனேன். தோட்டத்தில் புல் வெட்டினேன். இதய மருத்துவரிடம் நானே காரில் அழைத்துப்போனேன். "நீங்க என் பல்லைப் பாக்க வர்றீங்களா, சுவரைப் பாக்க வர்றீங்களா?" என்று கேலி செய்வார். நாங்கள் நல்ல நண்பர்கள். முன்னறைக்காவது மாற்றுங்கள், மை வெளுக்காமல் காக்கும் கண்ணாடி நான் வாங்கித் தருகிறேன் என்பேன். கேட்கவே மாட்டார்.

"அந்த லாம்பர்ட்டன் வீட்டு முன்னறையில எங்க தாத்தன் ஒரு நாளாவது உக்காந்திருப்பாரா? இங்கயே இருக்கட்டும். எங்ககூட, சாப்பாட்டு வாசத்தோட."

ஈஸ்டர் தோறும் குடும்பமே அடுப்படியில் எழுந்து நின்று அதை உரக்கப் படிக்குமாம். தனக்குப் பிறகு தங்கை மகள் ரோஸெட்டாவுக்கு என்று உயிலும் எழுதிவிட்டார். ப்ராவிடன்ஸ் நகரில் ரோஸெட்டாவின் குடியிருப்பைப் போய்ப் பார்த்தேன். அங்கே சமையலறை இன்னும் சின்னது. ஜன்னலே கிடையாது. ஒரு பொறுப்புள்ள மனிதன் அதன்பிறகு சும்மா இருக்க முடியாது.

மே மாதம், ஒரு மதியம். கிளிஞ்சல் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. சட்டத்தின் கண்ணாடியில் ஆவி படிந்து நீர் வழிந்தது. சமையல் முடியும்வரை நான் கையில் வைத்திருக்கிறேன் என்றேன். பாவம், சரி என்றார். கொஞ்ச நேரத்தில் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஜன்னல் விளிம்பைத் தடவினார்.

"மாத்திரை... இங்கதான வெச்சேன். எடுங்க டாக்டர்."

என் இரண்டு கையிலும் சட்டம் இருந்தது. கீழே வைக்க உலர்ந்த இடம் தேடினேன். மேசையெல்லாம் மாவு. நாற்காலியில் ஈரத் துண்டு. கடைசியில் கூடத்து அலமாரிமேல் வைத்துவிட்டுத் திரும்பியபோது, அவர் மாத்திரை கேட்பதை நிறுத்தியிருந்தார். அடுப்பை அணைத்தேன். சட்டத்தைக் காரில் வைத்துவிட்டு வந்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன்.

மாத்திரைப் புட்டி என் கோட்டுப் பையில் கிடைத்தது என்கிறீர்கள். உண்மைதான். அவர் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே நான் எடுத்து வைத்தது. ஜன்னலோரம் இருந்தால் ஆவி பட்டு மருந்து கெட்டுவிடும் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைக்கவில்லை. வேண்டுமென்றே எடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சவ அடக்கத்தில் நான் அழுததும் நிஜம். ரோஸெட்டா என் தோளில்தான் சாய்ந்திருந்தாள். சுவரில் வெளிறிய சதுரத்தை அவள் கவனித்தது மறுநாள்தான்.

வீட்டில் சட்டத்தைப் பிரித்தபோது எனக்கு வருத்தமாகிவிட்டது. எழுத்தின்மேல் எல்லாம் எண்ணெய்க் கறை. நான் பயந்தபடியேதான். நல்லவேளை, கையெழுத்து இருந்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. சின்னக் கத்தியால் அதைப் பிசிறில்லாமல் நறுக்கி, என்னிடமிருந்த, லாம்பர்ட்டன் வரைந்த கப்பல் தலைவர் ஒருவரின் படத்துக்குக் கீழே ஒட்டினேன். மிக அழகாக இருக்கிறது, நீங்களே பார்த்தீர்கள். மீதியைக் கணப்பு நெருப்பில் போட்டேன்.

ரோஸெட்டா வெளியே உட்கார்ந்து அந்த மீதியைக் கேட்டு அழுகிறாள் என்கிறீர்கள். படித்த பெண். எனக்கு நிஜமாகவே புரியவில்லை, மெடேரோஸ். அதில் கையெழுத்தே இல்லையே.