மருந்துக் கடை இல்லாத வரைபடம்

— இருங்க, தப்பா சொல்றேன். முதல்ல கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சது டாக்டரா, கணக்கு அதிகாரியா? நடந்து இன்னும் டீகூட ஆறியிருக்காது, அதுக்குள்ள எல்லாம் குழம்பிப் போச்சு. நான் சொல்றதை அப்படியே நம்பாதீங்க.

— கல்யாணம் ஆனதுலேருந்து அப்படித்தான் இருக்கேன். முதல்ல உக்காரு. அந்த ஃபிரேம் பெட்டியைத் தள்ளி வச்சுக்கோ.

— உக்கார முடியல. உங்க மூக்குக் கண்ணாடிக் கடையில நடக்கவும் இடம் இல்ல. கேளுங்களேன், ஆஸ்பத்திரியில எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டாங்க. ஒருத்தர் விடாம.

— அந்த அவசர சிகிச்சை வாசல் கட்டுற வேலைக்கா?

— அதேதான். இன்னிக்குக் கையெழுத்து வாங்கலன்னா திட்டத்தையே என்கிட்டேருந்து பிடுங்கிடுவோம்னு ஆபீஸ்ல சொல்லியிருந்தாங்கல்ல.

— வாங்கிட்டா என்னவாம்?

— அதுக்கு அப்புறம் வரேன்.

— ம்.

— டாக்டருக்கு வாசல் ஆபரேஷன் அறைக்குப் பக்கத்துல வேணும். தலைமை நர்ஸுக்கு ரெண்டு ஸ்ட்ரெச்சர் ஒண்ணா நுழையற அகலம் வேணும். கணக்கு அதிகாரிக்கு வாசலே வேண்டாம்.

— நல்ல மனுஷன்.

— சிரிக்காதீங்க. மூணு பேரையும் ஒரே அறையில உக்கார வச்சா அடிதடிதான். அதனால ஒவ்வொருத்தரையும் தனித்தனியா போய்ப் பார்த்தேன். உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டேன். கேட்டதுல பாதியைக் குடுத்தேன், மீதிப் பாதி வேண்டாம்னு அவங்க வாயாலேயே சொல்ல வச்சேன். கூட்டம்னு ஒண்ணு கூடுறதுக்கு முன்னாடியே கூட்டம் முடிஞ்சு போயிருக்கணும். அதான் என் வழக்கம்.

— தெரியுமே. இப்ப இருக்கிற வீட்டுக்கு வந்தப்போ, எங்க அம்மா, நம்ம பொண்ணு, பழைய வீட்டுக்காரர் எல்லார்கிட்டயும் பேசி முடிச்சிட்டுக் கடைசியா என்கிட்ட சாவியைக் காட்டின.

— அது... நீங்க ஒண்ணும் சொல்லலையே.

— சாவியைப் பார்த்தப்புறம் என்ன சொல்றது? மேல சொல்லு.

— யாருக்கு நஷ்டம் ஜாஸ்தியோ அவங்களைக் கடைசியில பார்க்கணும்னு ஒரு கணக்கு வச்சிருந்தேன். மத்தவங்க எல்லாம் சரின்னுட்டா அவங்களால தனியா மறுக்க முடியாது. ஆஸ்பத்திரி முகப்புல ஒரு மருந்துக் கடை இருக்கே, அந்தக் கடைக்கார அண்ணன்தான் இதுல கடைசி. புது வாசல் அவர் கடை இருக்கிற இடத்துலதான் வருது.

— அவருக்கு எப்பச் சொன்ன?

— இன்னிக்குக் கூட்டம் முடிஞ்சதும் பக்குவமா சொல்லிக்கலாம்னு இருந்தேன். எந்த மகராசனோ அவரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டுட்டான். வரைபடத்தைச் சுவத்துல மாட்டுறேன், கதவு பக்கத்துல நின்னுக்கிட்டு அவர் பார்க்கிறார். வாசல் இருக்கு, சரிவுப் பாதை இருக்கு, செடித்தொட்டிகூட இருக்கு. மெதுவா கேட்டார், "இதுல என் கடை எங்கம்மா?" என்ன, மேஜைக்கு அடியில குனிஞ்சிட்டீங்க?

— ஸ்க்ரூ விழுந்துடுச்சு. தேடுறேன்.

— அந்த நிமிஷம் போச்சுன்னு நினைச்சேன். டாக்டர் கத்துறார், கணக்கு அதிகாரி பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புறார். எல்லாரையும் டீ குடிக்க வெளியில அனுப்பிட்டு மருந்துக் கடை அண்ணன் பக்கத்துல உக்கார்ந்தேன். பேச்சே வரல எனக்கு.

— உனக்குப் பேச்சு வரலையா? நான் பார்க்கக் குடுத்து வைக்கல.

— அப்புறம் அவர் சொன்னார், "முதல்ல என்கிட்ட வந்து கேட்டிருந்தா என் சுவத்தை நானே இடிச்சுக் குடுத்திருப்பேன்." அவ்வளவுதான். கடை எங்க போனாலும் பரவாயில்லையாம். ஆனா காத்திருக்கிறவங்க கண்ணுல படணுமாம். பதறிப்போய் வர்றவங்களுக்குத் தேடத் தோணாதாம்.

— இடம் கிடைச்சுதா?

— கிடைச்ச இடம் எது தெரியுமா? டாக்டர் கார் நிறுத்துற இடம். கேட்டதும் அவர் மூஞ்சியைப் பார்த்திருக்கணும் நீங்க. நர்ஸம்மாதான், "நடங்க சார், உடம்புக்கு நல்லது"ன்னாங்க. கணக்கு அதிகாரி சிரிச்சிட்டார். அவர் சிரிச்சு ஆஸ்பத்திரியில யாரும் பார்த்ததே இல்லையாம். வரைபடத்துல அங்கேயே பேனாவால கடையைப் போட்டேன். அண்ணன்தான் முதல் கையெழுத்து.

— கெட்டிக்காரி. சரி, அப்புறம் வரேன்னியே, அதுக்கு வா.

— வந்து... புதுசா ஒரு ஆஸ்பத்திரி கட்டப் போறாங்க. முழுசா. இது ஒழுங்கா முடிஞ்சா அது எனக்குன்னு சொல்லியிருந்தாங்க. இப்பதான் போன்ல உறுதி பண்ணினாங்க. ஆனா வேற ஊரு. அங்கயே போய் இருக்கணும். உங்க கடையை என்ன பண்றதுன்னுதான் தெரியல.

— அம்மாகிட்டயும் பொண்ணுகிட்டயும் பேசியாச்சா?

— சத்தியமா இல்ல. யார்கிட்டயும் மூச்சு விடல. அந்த அண்ணன் கேட்டது காதுலயே இருக்கு. உங்ககிட்டதான் முதல்ல கேக்கிறேன். நீங்க வேண்டாம்னா இந்தப் பேச்சு இந்தக் கடையோட முடிஞ்சுது. ஏன் தலையைக் குனிஞ்சுக்கிறீங்க, இப்பவும் ஸ்க்ரூவா?

— இல்ல, அது கிடைச்சிடுச்சு. நீ தூக்கத்துல பேசுற, தெரியுமா?

— என்ன பேசினேன்?

— "அவர் கடையை என்ன பண்றது, அவர் கடையை என்ன பண்றது." கொஞ்ச நாளா இதே பாட்டு. அந்த 'அவர்' நான்தான்னு முதல்ல எனக்குப் புரியல. அப்புறம் உங்க ஆபீஸ்ல விசாரிச்சேன், புது ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னாங்க.

— அப்போ உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

— தெரியும். அம்மா வரேன்னுட்டாங்க, மாடிப்படி மட்டும் இருக்கக் கூடாதாம். பொண்ணுக்கு ஒரு நாய்க்குட்டி வேணுமாம், அதுக்குப் பேர்கூட வச்சாச்சு. இந்தக் கடையைத் தம்பி பார்த்துக்குவான். நான் அங்க வந்து சின்னதா ஒண்ணு போட்டுக்குவேன், ஊருக்கு ஊரு கண்ணு மங்கத்தானே செய்யுது. எல்லாரையும் தனித்தனியா பார்த்துப் பேசி முடிச்சாச்சு. நீ மட்டும்தான் பாக்கி. சொல்லு, உனக்கு என்ன வேணும்?