நேற்று இல்லாத கல்

அமைதியாகப் போராட முடியுமா என்று நேற்றுகூடத் தொலைக்காட்சியில் நாலு பேர் உட்கார்ந்து விவாதம் செய்தார்கள். நாலு பேரில் ஒருவரும் ஒரு நாள் வெயிலில் உட்கார்ந்தவர் இல்லை. சரி... அவர்களை விடுங்கள். தாய்மாரே, ஐயாமாரே, இந்தப் பக்கம் திரும்புங்கள். ஒரு கதை வைத்திருக்கிறேன், சின்னதுதான். வாயில் போட்ட வெற்றிலை சிவப்பதற்குள் முடிந்துவிடும்.

எங்கள் ஊர் நாணல்படுகை. கடைமடை. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் பூமி. அங்கே கல் கிடையாது. தோண்டினாலும் கிடையாது. அம்மியும் உரலும் வெளியூரிலிருந்து வந்தவை. நாயை விரட்டுவதற்கும் மண்ணாங்கட்டியைத்தான் எடுப்போம். பட்டதும் உதிர்ந்துவிடும்... எங்கள் ஊர் நாய்க்குக்கூட எங்களிடம் பயமில்லை.

அந்த ஊரில், விளைகிற வயலுக்குள் எரிவாயுக் குழாய் புதைக்காதே என்று பந்தல் போட்டு உட்கார்ந்தோம். ஏழு நாள். கோஷம்கூட இல்லை. முதல் வரிசையில் என் தங்கை குஞ்சம்மாள். எதிரே கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் போலீஸ். அந்த வரிசையில் மூன்றாவது ஆள் யார் தெரியுமா? குஞ்சம்மாள் பெற்ற மகன் மதியழகன். ஆயுதப்படைக் காவலர். தாய் இந்தப் பக்கம், பிள்ளை அந்தப் பக்கம். நடுவில் ஒரு கயிறு.

எட்டாம் நாள் விடிந்தது. பந்தலுக்குப் பக்கத்தில்... ஒரு குவியல். கருங்கல் ஜல்லி. ஒவ்வொன்றும் கைக்கு அடக்கம். யார் கொட்டினார்கள்? தெரியாது. லாரிச் சத்தத்தை யாரும் கேட்கவில்லை. ஈர மண்ணில் சக்கரத் தடம்கூட இல்லை.

பக்கிரிசாமி கேட்டான்: "ஏண்ணே, ரோடு போடப் போறாங்களா?"

"நாப்பது வருசமாக் கேட்டோம், இன்னிக்குத்தான் போடப் போறாங்களாக்கும்" என்றேன்.

சிரித்தோம். அன்றைக்கு நாங்கள் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

காலை பத்து மணி. எதிர்த்த டீக்கடை தாஜுதீன் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டுக் கூப்பிட்டார்: "எல்லாரும் இங்க வாங்க... டிவியப் பாருங்க."

பார்த்தோம். கீழே சிவப்புப் பட்டையில் எழுத்து ஓடுகிறது. 'நாணல்படுகையில் வன்முறை. போராட்டக்காரர்கள் கல்வீச்சு. காவலர் மதியழகன் மண்டை உடைந்தது.'

திரும்பிப் பார்த்தோம்... மதியழகன் நிற்கிறான். கயிற்றுக்கு அந்தப் பக்கம், மூன்றாவது ஆளாக. மண்டை முழுசாக இருக்கிறது. மூக்கில் உட்கார்ந்த ஈயை விரட்டிக்கொண்டிருக்கிறான்.

கல் எங்கே? குவியலில். வன்முறை எங்கே? இன்னும் வரவில்லை. செய்தி மட்டும் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது!

ஏழு நாள் ஒரே சட்டிச் சோற்றைத் தின்றவர்கள் நாங்கள். அன்றைக்கு... ஒருவர் கையை ஒருவர் பார்த்தோம். எறியப்போவது யார்? நீயா? அவனா? நானா? என் கையை நானே மடியில் இடுக்கிக்கொண்டேன்.

குஞ்சம்மாள் கயிற்றை நோக்கி ஓடினாள். "தம்பி! தலையில ஹெல்மெட்டப் போடுடா!"

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "மானத்த வாங்காத. போய் உக்காரும்மா."

உட்காரச் சொன்னான் அல்லவா? உட்கார்ந்தாள். எங்கே உட்கார்ந்தாள்? பந்தலிலிருந்து பாயை இழுத்துப் போய், அந்த ஜல்லிக் குவியல் மேல் விரித்து உட்கார்ந்தாள்.

"ஏ பொண்டுவளா, வாங்கடி! இதுல ஒரு கல்லு நவுந்தாலும் எம்புள்ள மண்ட போயிரும். அண்ணே, நீயும் வா!"

எல்லோரும் ஏறி உட்கார்ந்தோம். பாயையும் மீறிக் கல் குத்துகிறது. தண்ணீர் குடிக்க எழுந்திருக்கவில்லை. ஒன்றுக்குப் போக எழுந்திருக்கவில்லை. அத்தனை கல்லும் எங்களுக்கு அடியில்... ஆனால் தாஜுதீன் கடை டிவிப் பெட்டிக்குள் சாயங்காலம் வரை கல் பறந்துகொண்டே இருந்தது!

ஐந்து மணிக்கு ஒரு வேன் வந்தது. மதியழகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஏறினான். போனான்.

அதிலிருந்து மூன்றாம் நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தான். தலை நிறையக் கட்டு. குஞ்சம்மாள் பிள்ளையைக் கீழே உட்காரவைத்துக் கட்டைப் பிரித்தாள். ஒரு சுற்று... இன்னொரு சுற்று... வெள்ளைத் துணி மடியில் குவிகிறது. கடைசிச் சுற்றும் வந்துவிட்டது. உள்ளே... தையல் இல்லை. ரத்தம் இல்லை. ஒரு கீறல் இல்லை.

"என்னடா இது?" என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். "மாமா... ஆனா வலிக்குது மாமா."

"எங்கடா வலிக்குது?"

செய்தி சொன்ன அதே இடத்தைத் தொட்டுக் காட்டினான். "நெசமாவே வலிக்குது." பிறகு அந்தத் துணியை எடுத்து, கண்ணாடிகூடப் பார்க்காமல், தானே சுற்றிக்கொண்டான்.

ஒன்பது வருடமாக வழக்கு நடக்கிறது. முதல் குற்றவாளி குஞ்சம்மாள். முதல் சாட்சி மதியழகன். வாய்தாவுக்குத் தாயும் பிள்ளையும் ஒரே பஸ்ஸில்தான் போகிறார்கள். பேசிக்கொள்வதில்லை. வழியில் இறங்கித் தலைவலிக்கு மாத்திரை வாங்கிக்கொள்கிறான்... இன்றைக்கும்.

இதை எதற்குச் சொல்கிறேன்? அமைதியாகப் போராட முடியுமா? முடியும். நாங்கள் போராடினோம். அதைக் காட்டுவார்களா? காட்டமாட்டார்கள். அப்படியானால் கல்லை எடுத்தால்தான் என்ன என்று உங்களில் சில பேருக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர்கள் சொன்ன பொய்யை நாங்களே உண்மையாக்கிக் கொடுத்திருப்போம். நான் கொடுக்கமாட்டேன். செத்தாலும் கொடுக்கமாட்டேன். அந்தச் செய்தி பொய்யாகப் பிறந்தது, பொய்யாகவே கிடக்கட்டும்!

கடைசியாக ஒன்று. இந்த மேடையில் ஏறும்போது பார்த்தேன். பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்... ஒரு ஜல்லிக் குவியல் கிடக்கிறது. நேற்று உங்கள் போராட்டப் பந்தலுக்கு நான் வந்தபோது அது அங்கே இல்லை.

பின்வரிசைக்காரர்களே, ஓடாதீர்கள். கையால் தொடாதீர்கள். உட்கார்ந்திருக்கிற பாயைச் சுருட்டி எடுத்துக்கொள்ளுங்கள்... வாருங்கள். எல்லோருக்கும் அதன்மேல் இடம் இருக்கிறது.