பின்பாரம்

ராத்திரி ஏழு, ஏழரை இருக்கும். மண்ணச்சநல்லூர்லேர்ந்து டோல்கேட்டுக்கு வர்ற ரோடு. ரெண்டு பக்கமும் வயலு... ஒரு வெளக்கு கெடையாது. நடு ரோட்டுல ஒரு சின்னக் காரு நிக்குது. பானெட்டத் தொறந்து போட்டிருக்கு. ரேடியேட்டர்லேர்ந்து புஸ்ஸு... புஸ்ஸுன்னு ஆவி வருது. பக்கத்துல கோட்டு போட்ட ஒரு மனுஷன். தனியா.

தனியாத்தான் இருக்கோம்னு அவரும் நெனச்சிட்டிருந்தார்.

அந்த லாந்தரைக் கொஞ்சம் தணிங்கடா. கரண்ட் வர்றபோது வரட்டும். லூர்து, நீதானே நாளைக்கு செகண்ட்ஹேண்ட் காரு பாக்கப் போறேன்னு காலையிலேர்ந்து பீத்திக்கிட்டிருக்கே? கிட்ட வந்து உக்காரு. உனக்காகத்தான் சொல்றேன்.

இது நம்ம தைரியராஜோட பெரியப்பாவுக்கு நடந்தது. அற்புதசாமின்னு பேரு. மேலப்புதூர்ல வீடு, ஒரு ஆபீஸ்ல ஹெட்கிளார்க். தொட்டியத்துல கொஞ்சம் வாழைத்தோட்டம் உண்டு. நெனப்பு மட்டும் கவர்னர்! யாரப் பாத்தாலும் எளக்காரம். கடைக்காரன் அயோக்கியன், ரிக்‌ஷாக்காரன் திருடன், ஆபீஸ்ல கீழ இருக்கறவன் மடையன். விவரம் தெரிஞ்சவர் இவர் ஒருத்தர்தான். எனக்கு அந்த மனுஷனக் கண்டாலே ஆகாது, மொதல்லயே சொல்லிடறேன்.

ஒரே பொண்ணு, அமலராணி. அந்த அப்பனுக்கு எப்படி இப்படி ஒரு பொண்ணுன்னு தெருவே பேசும், அவ்வளவு நல்ல பொண்ணு. ரெண்டு வரன் வந்து, இவரோட வாய்க்குப் பயந்தே திரும்பிப் போயிடுச்சு. மூணாவதா திண்டுக்கல்லேர்ந்து ஒண்ணு வந்தது. பையன் செபஸ்தியான், ஸ்கூல் வாத்தியார். அப்பா இல்ல, அம்மா மட்டும்தான். ஞாயித்துக்கெழம வந்து பொண்ணப் பாக்கறோம்னு சொல்லி அனுப்பினாங்க. இந்த மனுஷன் சும்மா இருந்தாரா? "ஜங்ஷனுக்கு நம்ம காரு வந்துரும்"னு ஜம்பம் அடிச்சிட்டார்.

காரு! வீட்ல இருந்த சைக்கிளுக்கு ஒழுங்கா பெல்லு கூடக் கெடையாது.

வாய விட்டாச்சு. இனிமே காரு இல்லேன்னா அவமானம், இந்த வரனும் போச்சு. ஞாயித்துக்கெழமைக்குள்ள எப்படியாச்சும் ஒரு காரு வாங்கியாகணும். அதுவும் சல்லிசா வேணும், கஞ்சப் பிரபு இல்லையா? பரக்கத் அலின்னு ஒரு புரோக்கர். அவர்தான் திருவானைக்கோவில்ல ஒரு கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினார். சீமையிலேர்ந்து வந்த குட்டிக் காரு. எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன். அந்தக் கம்பெனி மேல ஒரு குத்தமும் இல்ல.

ஒண்ணு ஒத்துக்கணும். சண்டைக் காலத்துல மிலிட்டரில கிளார்க்கா இருந்தப்ப ஜீப் ஓட்டப் பழகினவர். வண்டி பாக்கத் தெரியும். குனிஞ்சு அடித்தகட்டக் கட்டை விரலால அமுக்கிப் பாத்தார், துரு உதிர்ந்தது. "இது காரா, கோழிக் கூண்டா?" ஆயில் குச்சிய உருவி, ரெண்டு வெரல்ல தேய்ச்சு மோந்தார். "ஆயிலா இது? காப்பி மண்டி." டயர ஒரு ஒதை. "மொட்டத் தலை." ஸ்டியரிங்க ஆட்டிப் பாத்தார். ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, பின்னாடி நின்னு புகையப் பாத்தார். லேசா நீலம். "ஆயில் குடிக்குது. உங்கள மாதிரி ஆளுங்க தலையில கட்டப் பாக்கறதுக்கு நான்தான் ஆம்புட்டேனா?" எல்லாத்துக்கும் பரக்கத் அலி, "ஆமாங்க... ஆமாங்க." அவ்வளவுதான். ஒரு எதிர்ப்பேச்சு கெடையாது. அங்கயே சந்தேகம் வந்திருக்கணும். விவரம் தெரிஞ்சவராச்சே, வரல.

கதவத் தொறந்தார். உள்ளேர்ந்து ஒரு வாசனை. அவிச்ச நெல்லு வாசனை... சூடா, ஈரமா, இப்பத்தான் அண்டாவ எறக்கி வெச்ச மாதிரி.

"யாரு வண்டிய்யா இது?"

"மண்ணச்சநல்லூர்ல ரைஸ்மில் வெச்சிருந்த ஒரு அம்மா வண்டிங்க. காலமாயிட்டாங்க."

"அதான் இந்த நாத்தம்."

கடைசியா ஸ்பிரிங் பாக்கணும். லூர்து, இத நல்லா கேட்டுக்க. மட்கார்டு மேல கைய ஊனி ஒரு அமுக்கு அமுக்கி விடணும். நல்ல வண்டின்னா எழுந்து அடங்கும். முன்னாடி ரெண்டும் எழுந்தது. பின்னாடி வலது பக்கம் எழுந்தது. பின்னாடி இடது பக்கம் அமுங்கவே இல்ல. ஏற்கெனவே அமுங்கிக் கெடக்கு.

"அது அப்படித்தாங்க. ரெண்டு தடவை ஸ்பிரிங் பட்டைய மாத்தியாச்சு. புதுப் பட்டையும் அந்தப் பக்கம் உக்காந்துருது."

"புதுப் பட்டையா? எங்கிட்டயேவா?" அதச் சாக்கா வெச்சு வெலையப் பாதியாக்கினார். பரக்கத் அலி அதுக்கும் சரின்னுட்டார். "ஓட்டிப் பாக்கணும், ஏறுய்யா"ன்னார் இவர்.

"நான் வரலீங்க. மக்ரிப் தொழுகைக்கு நேரமாச்சு. நீங்க ஓட்டிட்டு வாங்க. ஒண்ணு மட்டும்... வழியில பேசாம ஓட்டுங்க."

"தனியாப் போறவன் யார்கிட்டய்யா பேசறது? மடையன்!"

கொள்ளிடம் பாலத்தத் தாண்டி, டோல்கேட்டத் தாண்டி, மண்ணச்சநல்லூர் வரைக்கும் போனார். திரும்பும்போது இருட்டிடுச்சு. பாதி வழியில ரேடியேட்டர் கொதிச்சு வண்டி நின்னது. அதான் நான் மொதல்ல சொன்ன எடம்.

வாய்க்கால்ல தகர டப்பாவால தண்ணி மொண்டு வந்தார். டார்ச்ச அடிச்சுப் பாக்கறார். பின்பக்கம் இடது மூலை தொங்குது. அப்பத்தான் அந்த சத்தம்.

கிர்ரிக்...

சீட்டு ஸ்பிரிங். ஒருத்தங்க உக்காந்த எடத்துல லேசா அசைஞ்சா வருமே... அது.

நீயும் நானும்னா ஓடியிருப்போம். அவருக்குத்தான் உலகமே எளக்காரமாச்சே. உள்ள டார்ச்ச அடிச்சார், காலி சீட்டு. சிரிச்சார். ஜட்காவுல பின்பாரம் ஜாஸ்தியாயி குதிரையத் தூக்குச்சுன்னா வண்டிக்காரர் கத்துவாரில்லையா... அதே ராகத்துல, நக்கலா, காலி சீட்டப் பாத்துக் கத்தினார்.

"ஏம்மா... பின்பாரம் இழுக்குது! கொஞ்சம் முன்னாடி தள்ளி உக்காருங்க!"

வயல்ல தவளைச் சத்தம் நின்னு போச்சு.

கிர்ரிக்... கிர்ரிக்.

பின்பக்கம் மெதுவா எழும்புச்சு. முன்னாடி இடது பக்கம்... மெதுவா எறங்குச்சு. டிரைவருக்குப் பக்கத்து சீட்டு. டார்ச்ச அடிச்சார். ரெக்ஸின்ல அகலமா ஒரு குழி.

வேற வழி? அந்த எடத்துல பஸ்ஸும் இல்ல, ஆளும் இல்ல. ஏறி உக்காந்து ஓட்டினார். கொள்ளிடம் பாலம் முழுக்க அவர் இடது பக்கம் திரும்பவே இல்ல. கீழ தண்ணி ஓடற சத்தம். இடது காதுல மட்டும் சூடா ஆவி படுது... நெல்லு அவியற ஆவி.

கொட்டகைக்கு வந்து எறங்கினார். பயந்தேன்னு சொன்னா கௌரவம் என்னாகறது? "உன் ஓட்டை டப்பா எனக்கு வேண்டாம்யா!"ன்னு கத்தினார். பரக்கத் அலி லாந்தரத் தூக்கிக்கிட்டு வண்டியச் சுத்தி வந்தார். பின்னாடி இடது மட்கார்ட அமுக்கி விட்டார். எழுந்து அடங்குச்சு. நாலு பக்கமும் சமம்.

"வழியில பேசினீங்களா?"

இவர் கோட்டுத் தூசியத் தட்டிக்கிட்டார்.

"பரவால்லீங்க. வண்டி இனிமே வித்துரும். நீங்க நல்லா இருக்கணும்"னு சொல்லிட்டு, மனுஷன் அவசர அவசரமா கொட்டகையப் பூட்டிட்டுப் போயிட்டார்.

ரோட்டுல ஒரு ஜட்கா வந்தது. மீரான்னு வயசான வண்டிக்காரர். இவர் ஏறி முன்னாடி ஓரமா உக்காந்தார். குதிரை பத்தடி போகல, மீரான் திரும்பிப் பாக்காமலே சொன்னார். "பின்னாடி இருக்கற அம்மாவ கொஞ்சம் முன்னாடி தள்ளி உக்காரச் சொல்லுங்க. பின்பாரமா இருக்கு."

இவர் கம்பியக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டார். சொல்லவே இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு மீரானே, "ஆங்... இப்ப சரியாப் போச்சு"ன்னார்.

வீட்ல இவருக்குன்னு ஒரு ஈஸிச்சேர் இருந்தது. வேற யாரும் அதுல உக்காரக் கூடாது. மறுநாள் காலையில பாத்தா, யாரும் இல்லாமலே துணி தொங்கிக்கிட்டிருக்கு. ஆள் சாஞ்சிருக்கற மாதிரி. இவர் தரையில உக்காந்து பேப்பர் படிச்சார். நல்லா வேணும்! பொண்டாட்டி வியாகுலம்மாள், "என்னங்க, வீடெல்லாம் நெல்லு வாசனை... மாதா கோயில் சாமியாரக் கூட்டிட்டு வந்து மந்திரிக்கச் சொல்லுவோமா?"ன்னு கேட்டுச்சு. "ஹெட்கிளார்க் வீட்ல பேயின்னு ஊர் சிரிக்கவா?"ன்னு அந்தம்மா மேல எரிஞ்சு விழுந்தார். சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்.

ஞாயித்துக்கெழம வந்தது. ஜங்ஷனுக்கு மீரானோட ஜட்காதான் போச்சு. பையனோட அம்மா பவுனம்மாள் வண்டியப் பாத்தாங்க, இவரப் பாத்தாங்க. "காரு ஒர்க் ஷாப்ல இருக்குங்க"ன்னார். அந்தம்மா ஒண்ணும் சொல்லல. வீட்டுக்கு வந்தும் பேசல. அமலராணி காப்பி கொண்டாந்து குடுத்தா. அத வாங்கிக் குடிச்சிட்டு, ஈஸிச்சேர் பக்கம் பாத்து, "நெல்லு அவிக்கிறீங்களா?"ன்னு ஒரே ஒரு கேள்வி. "போயிட்டு வர்றோம்"னு எழுந்தாச்சு.

இவருக்குப் பத்திக்கிட்டு வந்தது. வரன் போச்சு, கௌரவம் போச்சு, ஈஸிச்சேரும் போச்சு. என்னைய மதிக்காமப் போறியா, இரு...ன்னு ஒரு அல்ப புத்தி. அவங்க ரெண்டு பேரும் ஜட்காவுல ஏறினதும், வாசல்ல நின்னுக்கிட்டு, வீட்டுக்குள்ள பாத்து, கூசாம, மரியாதையா சொன்னார்.

"வாங்க... வண்டியில எடம் இருக்கு. ஏறி, முன்னாடி தள்ளி உக்காருங்க."

தன்னத்தான் சொல்றார்னு பவுனம்மாள் முன்னாடி நகர்ந்து உக்காந்தாங்க. ஜட்காவோட பின்பக்கம் ஒரு தடவை அமுங்கி எழுந்தது. குதிரை தலைய ஒதறுச்சு. போயிடுச்சு.

உள்ள வந்து பாத்தார். ஈஸிச்சேர் துணி விறைப்பா நிக்குது. வாசனை இல்ல. அன்னிக்கு அதுல சாஞ்சு கொறட்டை விட்டுத் தூங்கினார் மனுஷன்.

அந்த வாரத்துலயே திண்டுக்கல்லேர்ந்து பங்கு சாமியார் மூலமா சேதி வந்தது. பொண்ண ரொம்பப் பிடிச்சிருக்கு. அன்னிக்குப் பல்லு வலியில பேச முடியல, தப்பா எடுத்துக்க வேண்டாம். காரு எல்லாம் எங்களுக்கு எதுக்கு, பொண்ணு தங்கமா இருக்கா...

கேட்டீங்களாடா? பல்லு வலி!

அப்பவாச்சும் வாயத் தொறந்திருக்கணும். ஓடிப் போய் சம்பந்தி கால்ல விழுந்து, உங்க வீட்டுக்கு நான் ஒண்ண ஏத்தி அனுப்பிட்டேன், கோயில்ல சொல்லி ஏதாச்சும் பண்ணுங்கன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. சொன்னா அவமானம்! பெத்த பொண்ண விட அது பெருசாப் போச்சு. மாலையும் கழுத்துமா அமலராணிய ரயிலேத்தி விட்டுட்டு வந்துட்டார். எனக்கு ஆறாதது அதான். பேயி என்னடா பேயி... அது கூப்பிட்டாத்தான் வருது.

கிறிஸ்துமஸ் வரைக்கும் திண்டுக்கல் பக்கம் எட்டிப் பாக்கல. அப்பறம் வியாகுலம்மாள் தொல்லை தாங்காம போனார். இனிமே வர்றது அவரே தைரியராஜ் கிட்ட சொன்னது.

ஸ்டேஷனுக்கு அமலராணியே ஜட்கா கொண்டாந்திருந்தா. நல்லாத்தான் இருந்தா. கொஞ்சம் எளைச்சிருந்தா. சிரிச்சா. "வாங்கப்பா"ன்னா. இவருக்கு உசுரு வந்தது. ஒண்ணும் இல்ல, எல்லாம் நம்ம மனப்பிராந்தின்னு நெனச்சுக்கிட்டு, ஏறி பின்னாடி மூலையில சாஞ்சு உக்காந்தார். கிளம்பலாம்னு வண்டிக்காரனுக்குக் கைய வேற காட்டினார்.

அமலராணி அவர் கையத் தொட்டா. யாருக்கும் கேக்காத மாதிரி... ரொம்ப நாளாப் பழகின மாதிரி... மெதுவாச் சொன்னா.

"அப்பா... அந்த மூலையில வேண்டாம். கொஞ்சம் முன்னாடி தள்ளி உக்காருங்க. அவங்க இன்னும் ஏறல."

தள்ளி உக்காந்தார்.

பின்னாடி வைக்கோல் நசுங்கற சத்தம்... சர்க்...

வண்டிக்காரன் கடிவாளத்தச் சுண்டினான். ஜட்கா கிளம்புச்சு. முன்பாரமும் இல்ல, பின்பாரமும் இல்ல. சமமாப் போச்சு.