விற்பனைக்கு இல்லாத டப்பாவில் இருந்த குழாய்கள்

எனது பெயர் ஐறீன் வரதராசா. வயது முப்பத்தெட்டு. சொந்த இடம் கொட்டாஞ்சேனை. தற்போது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறேன். தொழில் மூலக்கூற்று உயிரியல் ஆராய்ச்சி. இன்ஸ்பெக்டர் தமது குறிப்பில் என்னை வைத்தியர் என்று எழுதியிருப்பதாக அறிகிறேன். நான் யாருக்கும் மருந்து கொடுப்பவள் அல்ல. அதைத் திருத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1996 ஜூன் மாதம் கொடுக்கப்படும் இந்த வாக்குமூலத்தைத் தமிழில் பதிவு செய்பவர் சார்ஜன்ட் மர்ஸூக். சுருக்கமாகச் சொல்லும்படி கேட்டார். எனக்கும் அதுதான் வேண்டும். குழாய்கள் இருக்கும் வாளி அவருடைய மேசைக்குக் கீழே இருக்கிறது, அதிலுள்ள ஐஸ் கரைந்துகொண்டிருக்கிறது.

நான் இரத்தப் புற்றுநோயாளரின் வெள்ளை அணுக்களில் உள்ள புரதங்களை ஆராய்கிறேன். இறைச்சியிலும் பருப்பிலும் இருக்கிற புரதமா என்று சார்ஜன்ட் கேட்டார். அந்த இனம்தான், ஆனால் ஒரு அணுவுக்குள்ளேயே ஆயிரக்கணக்கான வகை இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலை என்று சொன்னேன். அணுக்களை உடைத்து, புரதங்களைக் கூழ்த் தகடொன்றில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், சிறியவை முன்னால் ஓடும், பெரியவை பின்னால் நிற்கும். நல்ல இரத்தத்தையும் நோயாளியின் இரத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு எது கூடியிருக்கிறது, எது புதிதாக வந்திருக்கிறது என்று பார்ப்பேன். நல்ல இரத்தத்துக்கு நான் எங்கும் போவதில்லை, என் கையிலிருந்தே எடுத்துக்கொள்வேன்.

சென்ற வருடம் இராமலெட்சுமி என்னும் பெண்ணின் இரத்தம் எனக்குக் கிடைத்தது. அவர் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து, ஹெவ்லொக் டவுனில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்பவர். தன் பெயரைச் சொல்வதற்கு எனக்கு அனுமதி தந்திருக்கிறார். மருந்து தொடங்குமுன் எடுத்த இரத்தம் அது. மருந்து தொடங்கியதும் அவருக்குச் சுகம் வந்தது. அதன்பின் ஒரு சுற்றிவளைப்பில், அடையாள அட்டை இல்லை என்று அவரைப் பிடித்து வைத்திருந்த நாட்களில் மருந்து தடைப்பட்டது. வெளியே வந்து மீண்டும் மருந்தைத் தொடங்கிய பின்னர், இந்த வருடம் நோய் திரும்பிவிட்டது. அப்போது இரண்டாவது முறை இரத்தம் எடுக்கப்போன என்னிடம் அவர், "நான் மருந்து போடாம விட்டதாலதான் திரும்பி வந்திச்சாங்க, டாக்டரம்மா?" என்று கேட்டார். வைத்தியர்களிடமும் கேட்டிருக்கிறார், அவர்களால் சொல்ல முடியவில்லை. எனக்கும் சொல்ல முடியவில்லை. ஆனால் அன்று முதல் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

காரணம், அவருடைய இரண்டாவது இரத்தத்தில் ஒரு புரதத்தைக் கண்டேன். அணுவின் சுவரில் நின்றுகொண்டு, உள்ளே வரும் மருந்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுகிற புரதம் அது. கள்ளத்தனமான சாமான் என்றாலும் அதன் கெட்டித்தனத்தைப் பார்த்து நான் வியந்தேன், அதை மறைக்கவில்லை. அது முதல் இரத்தத்திலேயே இருந்திருந்தால், மருந்தை ஒருநாளும் விடாதிருந்தாலும் நோய் திரும்பியிருக்கும், இராமலெட்சுமி தன்னை நொந்துகொள்ளத் தேவையில்லை. முதலில் இல்லாமல் பிறகு வந்திருந்தால் கதை வேறு. அப்போதும் மருந்து விட்டதே காரணம் என்று ஒரேயடியாக அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அப்படி இல்லை என்றும் சொல்ல முடியாது. இதைச் சொல்லக்கூடியது முதல் இரத்தத்தில் மிச்சமிருக்கும் ஒரேயொரு குழாய். மற்றவற்றைத் திரும்ப எடுக்கலாம். மருந்து படாத இரத்தத்தை அவரிடமிருந்து இனி எடுக்க முடியாது.

அந்தப் புரதத்தைக் காட்டிக் கொடுக்கும் சோதனைத் திரவம் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்ததே மின்வெட்டுத் தொடங்குகிற நேரத்தில்தான். இரண்டாவது இரத்தத்தை ஒருவாறு பார்த்து முடித்தேன். முதல் இரத்தத்தைப் பார்க்குமுன் ஆய்வுகூடத்துக் குளிர்ப்பெட்டி ஒவ்வொரு நாளும் சூடாகத் தொடங்கியது. ஆகவே காலி வீதியில் ஜெனரேட்டர் வைத்து ஐஸ்கிரீம் விற்கும் மஜீட்டிடம் போய், இரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளை அணுக்கள் இருக்கும் குழாய்களுக்கு இடம் கேட்டேன். அவர் இது யாருடைய இரத்தம், எப்படி வெள்ளையாக இருக்கிறது, தொட்டால் தொற்றுமா என்றெல்லாம் விசாரித்து, தொற்றாது என்று நான் மூன்று விதமாகச் சொன்ன பிறகு வெறும் ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைத் தந்தார். வேலைக்கு நிற்பவர்கள் மாறி எடுத்து யாருக்கும் போட்டுக் கொடுத்துவிடக் கூடாது என்று, அதன் மூடியில் 'விற்பனைக்கு இல்லை' எனச் சிவப்பு மையால் மூன்று பாஷையிலும் எழுதியவரும் அவரே.

இன்று காலை கடைகளைச் சோதனையிட்ட பொலிஸார் அந்த எழுத்தைக் கண்டுதான் டப்பாவைத் திறந்ததாக மஜீட் எனக்குச் சொன்னார். ஐஸ்கிரீம் கடையில் விற்காத ஐஸ்கிரீம் எதற்கு என்று கேட்டார்களாம். நியாயமான கேள்வி, நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். உள்ளே நான்கு சிறு குழாய்கள் இருந்தன. அவற்றில் இரண்டு என் இரத்தத்திலிருந்து எடுத்தவை, மற்ற இரண்டும் இராமலெட்சுமியுடையவை, முதல் இரத்தத்தில் ஒன்று, இரண்டாவதில் ஒன்று. மஜீட்டையும் டப்பாவையும் இங்கே கொண்டுவந்து என்னையும் அழைத்தார்கள். மஜீட் புத்தியாக ஒரு வாளி நிறைய ஐஸும் கொண்டுவந்து, டப்பாவை அதற்குள் வைத்திருந்தார்.

அதன்பின் இன்ஸ்பெக்டர், வெடிமருந்தோ விஷமோ இல்லை என்று தெரியவேண்டும், ஒரு குழாயைத் திறந்து காட்ட வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். சம்மதித்து, என்னுடைய குழாய்களில் ஒன்றை நீட்டினேன். நான் தருவதை அல்ல, தாம் எடுப்பதையே திறக்க வேண்டும் என்றார். டப்பாவுக்குள் அவருடைய விரல் ஒவ்வொரு மூடியாகத் தொட்டுக்கொண்டு போனது. கண் மட்டும் குழாய்களில் இல்லை, என் முகத்தில் இருந்தது. இவர் என்னை அளக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நல்ல முறை. எனக்குத் தெரிந்த முறையும் அதுதான், தெரியாத ஒன்றைத் தொட்டுவிட்டு எது அசைகிறது என்று பார்ப்பது. ஆகவே இராமலெட்சுமியின் முதல் குழாயை அவர் தொட்டபோது நான் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தேன். என்னுடைய இரண்டாவது குழாயைத் தொட்டபோது ஐயோ அது வேண்டாம் என்று கையை நீட்டினேன். அவர் அதையே எடுத்தார்.

அதை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, தேநீர்ச் சாசரில் ஊற்றி, மணந்து பார்த்து, பேனை நுனியால் கிளறினார். கஞ்சித் தண்ணீர் மாதிரிக் கொஞ்சம் கலங்கிய நீர், அவ்வளவுதான். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. எனக்கு வெட்கம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டு டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்படி சார்ஜன்டிடம் சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

இன்ஸ்பெக்டரை நான் ஏமாற்றிய மேற்படி விஷயத்தைச் சொன்னதும் சார்ஜன்ட் எழுதுவதை நிறுத்தினார். "மிஸ், இத எழுதினா ஐயா வந்து மத்தக் குழாயையும் திறக்கச் செல்லுவாரு," என்றார். எனக்கும் அது தெரியும், பயமும் இருக்கிறது. ஆனால் எங்கள் தொழிலில் ஒரு அளவீட்டின் மேல் நம் கை பட்டுவிட்டால், கை பட்டது என்று எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டால் அதன் பக்கத்தில் எழுதிய உண்மையும் கெட்டுப்போகும். அப்படிப் பழகிய கையால் வேறு விதமாகக் கையொப்பம் வைக்க எனக்குத் தெரியாது என்று சொல்லி எழுதச் சொன்னேன். எழுதினார்.

அதன்பின் அவர், அந்தப் பெண்ணை எந்தப் பொலிஸில் பிடித்து வைத்திருந்தார்கள் என்று கேட்டார். அது வழக்குக்குத் தேவையான கேள்வி அல்ல. நானாக அதைச் சொல்லவும் இல்லை. கேட்டபடியால், "இங்கதான்," என்று சொன்னேன்.

சார்ஜன்ட் பேனையை மேசையில் வைத்தார். பிறகு, "எனக்கு ஞாபகம் ஈக்கிது. கிளினிக் கார்டக் காட்டிக் காட்டி மருந்துக்குப் போகக் கேட்டா. நாளைக்கு, நாளைக்கு எண்டு செல்லினது நான்தான்," என்றார்.

அதன்பின் அவர் எழுந்து, மேசைக்குக் கீழிருந்த வாளியைத் தாமே தூக்கிக்கொண்டு போய், வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த மஜீட்டிடம் கொடுத்து, ஓட்டோ பிடித்து உடனே கடைக்குப் போய் டப்பாவைக் குளிர்ப்பெட்டியில் வைக்கச் சொன்னார். மிஸ் கையொப்பம் வைக்கவில்லையே என்று மஜீட் கேட்டார். அது பிறகு நடக்கும், ஐஸ் பிறகு வராது என்று சார்ஜன்ட் சொன்னது உள்ளே இருந்த எனக்குக் கேட்டது. அவர் சொன்னதையும் செய்ததையும் இதில் எழுதத் தேவையில்லை என்று திரும்பி வந்தவரிடம் சொன்னேன். ஆனால் எல்லாவற்றையும் அவரே எழுதினார்.

எழுதி முடித்து, கடைசியாக ஒன்று கேட்டார். "அந்தப் புரதம் முந்தி இல்ல, இங்கேந்து போன பொறகுதான் வந்ததெண்டு குழாய் காட்டினா, மிஸ்?"

"அவவிட்ட அப்பிடியே சொல்லுவன். பிறகு இங்க வந்து உங்களிட்டயும் சொல்லுவன்," என்றேன்.

எப்போது தெரியும் என்றார். மின்சாரம் இடையில் நிற்காமல் ஒரு முழுப் பகல் கிடைத்தால் போதும் என்றேன்.

இவை அனைத்தும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. நான் கண்டதும் செய்ததும் இதில் உள்ளபடியே நடந்தன, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்த முதல் குழாயில் என்ன இருக்கிறது என்பது மட்டும் எனக்கு இன்னும் தெரியாது. மற்றவற்றைத் தெரிந்துகொண்டே ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ஐறீன் வரதராசா

பதிவு செய்து, தமிழில் வாசித்துக் காட்டியவர்:
(ஒப்பம்) மர்ஸூக், சார்ஜன்ட்